பிஎச் கணக்கு: லாக் பொத்தானை அழுத்தும் முன் குடுவைக்குள் பாருங்கள்

"0.100 மோலார் எத்தனாயிக் அமிலம் 25.0 மி.லி. இருக்கிறது. அதனுடன் 0.100 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 10.0 மி.லி. சேர்க்கப்படுகிறது. கரைசலின் பிஎச் என்ன?"

சிங்கப்பூரில் தொடக்கக்கல்லூரியில் எச்2 வேதியியல் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய நிலைப் பாடம்) எடுத்தவர்களிடம் இந்தக் கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள். பலருக்குக் கை நேராகக் கால்குலேட்டரின் லாக் பொத்தானுக்குப் போகும். எந்த எண்ணுக்கு லாக் போடுவது என்ற யோசனை அப்புறம்தான் வரும். கண்ணில் படுவது 0.100, அதையே போட்டு 1.00 என்று எழுதி முடிப்பவர்களும் உண்டு. அமிலத்தில் ஒரு பகுதி காரத்தோடு வினைபுரிந்து தீர்ந்துவிட்டது, இப்போது குடுவையில் இருப்பது மிச்ச அமிலமும் புதிதாக உண்டான உப்பும் என்று கவனித்தவர்களுக்கோ இது இரண்டு வரிக் கணக்கு.

இந்த வழிகாட்டியில் திரும்பத் திரும்ப ஒரே பழக்கத்தைத்தான் வலியுறுத்தப் போகிறேன். எண்களைத் தொடும் முன், "குடுவையில் இப்போது மிச்சம் இருப்பவை எவை?" என்று ஒரு வரி எழுதுங்கள். எந்தச் சூத்திரம் என்பதை அந்த வரியே சொல்லிவிடும்.

நம் பிள்ளைகள் வேதியியலை ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். ஆனாலும் சாப்பாட்டு மேசையில் அக்காவோ அப்பாவோ உட்கார்ந்து விளக்கும்போது தமிழ் வந்துவிடுகிறது. அதற்குத் தோதாக, பாடத்தில் வரும் பெயர்களையும் குறியீடுகளையும் அப்படியே தமிழ் எழுத்தில் வைத்திருக்கிறேன். உயர்நிலைப்பள்ளித் தேர்வு எழுதுபவர்களுக்கு லாக் கணக்கு தேவைப்படாது. கலவைப் பகுதியும் நிறங்காட்டிப் பகுதியும் போதும். தொடக்கக்கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கு மொத்தமும் வேண்டும்.

பிஎச் என்ற எண்

1909-இல் கோப்பன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் சோரன் சோரன்சன் என்ற டென்மார்க் வேதியியலாளர் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆமாம், பீர் தயாரிக்கும் அதே கார்ல்ஸ்பெர்க்தான். நொதிகளின் வேலை, கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனியின் செறிவைப் பொறுத்து மாறியது. அந்தச் செறிவோ 0.0000001 என்பது போன்ற, எழுதினால் சுழியம் எண்ணியே கண் வலிக்கும் எண். பத்தின் அடுக்கை (அதுதான் லாக்) மட்டும் எடுத்து, கழித்தல் குறியை நீக்கி எழுதும் வழியை அவர் கொண்டுவந்தார்:

பிஎச் = −லாக் [எச்⁺]

சதுர அடைப்புக்குறி என்றால் லிட்டருக்கு எத்தனை மோல் என்று பொருள்; மோலார் என்பதும் அதே அலகுதான். [எச்⁺] 10⁻³ என்றால் பிஎச் 3. 10⁻⁵ என்றால் 5. பிஎச் ஒன்று குறைந்தால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு கூடுகிறது. ஆகவே பிஎச் 3 கரைசல், பிஎச் 6 கரைசலைவிட இரண்டு மடங்கு அமிலமானது என்று எழுதினால் தவறு. அது ஆயிரம் மடங்கு.

அடுக்கு முழு எண்ணாக இல்லாதபோது மனக்கணக்கு கைகொடுக்கும். லாக் 2 = 0.30, லாக் 3 = 0.48, லாக் 5 = 0.70. இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். [எச்⁺] = 2 × 10⁻⁴ என்றால் பிஎச் = 4 − 0.30 = 3.70. [எச்⁺] = 5 × 10⁻³ என்றால் 3 − 0.70 = 2.30. கால்குலேட்டர் இருக்கும்போது இது எதற்கு என்றால், பொத்தான் தவறினால் கண்டுபிடிக்கத்தான். 2 × 10⁻⁴ என்ற செறிவுக்குப் பிஎச் 3-க்கும் 4-க்கும் இடையில்தான் வர முடியும் என்று தெரிந்தவர், 4.30 என்று வந்த விடையை எழுதிவிட்டுப் போக மாட்டார்.

திருப்பிப் போடுவதும் வரவேண்டும். பிஎச் 3.40 என்றால் [எச்⁺] = 10⁻³·⁴⁰ = 4.0 × 10⁻⁴. இதில் ஒரு நுணுக்கம்: பிஎச்சில் புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கமோ, செறிவில் அத்தனை முக்கிய இலக்கம். புள்ளிக்கு முன்னால் இருப்பது பத்தின் அடுக்கை மட்டுமே காட்டுகிறது. அதனால்தான் பெரும்பாலான விடைகள் இரண்டு தசம இலக்கத்தில் நிற்கின்றன.

தண்ணீரின் பங்கு

சுத்தமான தண்ணீரிலும் சில மூலக்கூறுகள் எச்⁺, ஓஎச்⁻ என்று பிரிந்தபடியே இருக்கும். 25 பாகை செல்சியசில் இவ்விரண்டின் செறிவைப் பெருக்கினால் 1.0 × 10⁻¹⁴ வரும். இதுதான் நீரின் அயனிப் பெருக்கம். [ஓஎச்⁻]-க்கும் பிஎச் போலவே −லாக் போட்டால் கிடைப்பது பிஓஎச். அயனிப் பெருக்கத்துக்கு லாக் போட்டால் பிஎச் + பிஓஎச் = 14. காரக் கரைசல்களுக்கு இதுதான் பாலம்: முதலில் [ஓஎச்⁻], அதிலிருந்து பிஓஎச், 14-இல் கழித்தால் பிஎச்.

நடுநிலை என்றால் பிஎச் 7 என்று சின்ன வகுப்பில் படித்தது 25 பாகைக்கு மட்டுமே உண்மை. நடுநிலையின் சரியான இலக்கணம், [எச்⁺]-உம் [ஓஎச்⁻]-உம் சமமாக இருப்பது. வெப்பம் ஏற ஏறத் தண்ணீர் கூடுதலாகப் பிரிகிறது. ஏர்கான் இல்லாத நம் ஊர்ச் சமையலறையில் வெப்பநிலை 30 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அயனிப் பெருக்கம் சுமார் 1.47 × 10⁻¹⁴. அதன் வர்க்கமூலம் 1.21 × 10⁻⁷. ஆகவே நடுநிலைப் பிஎச் 6.92. தண்ணீர் அமிலமாகிவிடவில்லை, ஓஎச்⁻-உம் அதே அளவு கூடியிருக்கிறது. "60 பாகையில் தூய நீரின் பிஎச் 7-க்குக் கீழே உள்ளது, அது அமிலமா?" என்ற வகைக் கேள்விக்கு இந்த ஒரு வரிதான் பதில்.

குடுவையில் என்ன இருக்கலாம்?

கேள்வி எவ்வளவு சுற்றி வளைத்தாலும், வினையெல்லாம் முடிந்த பிறகு குடுவையில் இருப்பது சில வகைகளில் ஒன்றாகத்தான் இருக்கும். வலிமையான அமிலம் அல்லது காரம் மிச்சம் இருந்தால், வேறு என்ன கலந்திருந்தாலும் அதுதான் பிஎச்சைத் தீர்மானிக்கும். வலிமை குறைந்த அமிலம் மட்டும் இருந்தால் வர்க்கமூலக் கணக்கு. வலிமை குறைந்த காரத்துக்கும் அதேதான். வலிமை குறைந்த அமிலமும் அதன் உப்பும் சேர்ந்திருந்தால் பஃபர். உப்பு மட்டுமே இருந்தால் அந்த உப்பின் அயனி தண்ணீரோடு என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும். இனி ஒவ்வொன்றாகப் போவோம்.

வலிமையானவை: எளிது, இரண்டு பொறிகள் உண்டு

ஹைட்ரோகுளோரிக் அமிலம், நைட்ரிக் அமிலம் போன்றவை தண்ணீரில் முழுக்கப் பிரிந்துவிடும். 0.025 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் [எச்⁺] = 0.025; பிஎச் = 1.60. அவ்வளவுதான்.

காரத்தில் முதல் பொறி. சுண்ணாம்பை எடுத்துக்கொள்வோம், தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) வெற்றிலையோடு வாங்கும் அதே கால்சியம் ஹைட்ராக்சைடு. ஒரு மோல் சுண்ணாம்பு இரண்டு மோல் ஓஎச்⁻ கொடுக்கும். தெளிந்த சுண்ணாம்பு நீரில் அது லிட்டருக்குச் சுமார் 0.020 மோல் கரைந்திருக்கும். அப்படியானால் [ஓஎச்⁻] = 0.040, பிஓஎச் = 1.40, பிஎச் = 12.60. இரண்டால் பெருக்க மறந்தால் 12.30 வரும், மதிப்பெண் போகும். அளந்து பார்த்தால் 25 பாகையில் கிடைப்பது 12.45 அளவு. அயனிகள் நெருக்கமாக இருக்கும்போது ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் எல்லாமே சுதந்திரமாகச் செயல்படுவதில்லை. தேர்வில் இந்த வித்தியாசத்தைக் கேட்க மாட்டார்கள், ஆனால் ஆய்வகத்தில் மீட்டர் காட்டுவது உங்கள் கணக்கோடு ஒட்டவில்லை என்றால் உடனே மீட்டரைச் சந்தேகிக்க வேண்டாம்.

இரண்டாவது பொறி மிகவும் நீர்த்த அமிலம். 1.0 × 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் 8 என்று கால்குலேட்டர் சொல்லும். அமிலத்தைத் தண்ணீரில் விட்டால் காரமாகுமா? இங்கே தண்ணீர் தரும் எச்⁺, அமிலம் தருவதைவிட அதிகம் என்பதால் அதையும் சேர்க்க வேண்டும். மொத்த [எச்⁺]-ஐ எக்ஸ் என்று வைத்தால், எக்ஸ் × (எக்ஸ் − 10⁻⁸) = 10⁻¹⁴. தீர்த்தால் எக்ஸ் = 1.05 × 10⁻⁷, பிஎச் = 6.98. செறிவு 10⁻⁶-க்குக் கீழே போனால் மட்டும் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கலவை: மோலில் கழியுங்கள்

பிஎச் 2 உள்ள அமிலத்தையும் பிஎச் 4 உள்ள அமிலத்தையும் சம அளவில் கலந்தால் பிஎச் 3 வராது. பிஎச் என்பது லாக் எண், அதற்குச் சராசரி எடுக்கக் கூடாது. [எச்⁺]-ஐத்தான் கூட்ட வேண்டும்: (0.010 + 0.00010) ÷ 2 = 0.00505. பிஎச் 2.30.

அமிலமும் காரமும் கலக்கும்போது வரிசை இதுதான். முதலில் இரண்டையும் மோலாக மாற்றுங்கள். வினைச் சமன்பாட்டின்படி கழியுங்கள். மிச்சத்தை மொத்தக் கன அளவால் வகுங்கள். கடைசியில்தான் லாக். 0.100 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 25.0 மி.லி.யில் 2.50 × 10⁻³ மோல். அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு 15.0 மி.லி.யில் 1.50 × 10⁻³ மோல். மிச்சம் 1.00 × 10⁻³ மோல் அமிலம், மொத்தம் 40.0 மி.லி. கரைசலில். [எச்⁺] = 0.0250, பிஎச் 1.60. அமிலத்தில் பாதிக்கு மேல் தீர்ந்தும் பிஎச் 1.00-இலிருந்து 1.60-க்குத்தான் போயிருக்கிறது.

25.0-ஆல் வகுப்பதா 40.0-ஆல் வகுப்பதா என்ற தடுமாற்றம் சந்தேகமில்லாமல் இந்தப் பாடத்தில் அதிகம் நடக்கும் தவறு. அடுத்த முறை குடுவையை ஒரு பெட்டியாக வரைந்து, மட்டத்துக்குப் பக்கத்தில் 40.0 என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

வலிமை குறைந்த அமிலம்: வினிகர்

பேரங்காடியில் வாங்கும் வெள்ளை வினிகரில் சுமார் 5 விழுக்காடு எத்தனாயிக் அமிலம் இருக்கும். லிட்டருக்கு 50 கிராம், மோலார் நிறை 60. ஆகவே செறிவு 0.83 மோலார். இது ஹைட்ரோகுளோரிக் அமிலமாக இருந்தால் பிஎச் 0.08, தொட்டால் கை புண்ணாகும். வினிகரையோ சாலட்டில் ஊற்றிச் சாப்பிடுகிறோம். காரணம், இதில் ஒரு சிறு பகுதிதான் பிரிகிறது. எவ்வளவு என்பதைப் பிரிகை மாறிலி சொல்கிறது:

கேஏ = [எச்⁺] × [ஏ⁻] ÷ [எச்ஏ]

எச்ஏ பிரியாத அமிலம், ஏ⁻ எச்⁺-ஐ இழந்த பிறகு மிஞ்சும் அயனி. எத்தனாயிக் அமிலத்துக்கு 25 பாகையில் கேஏ = 1.8 × 10⁻⁵.

தொடக்கத்தில் எச்ஏ 0.83. எக்ஸ் அளவு பிரிகிறது. சமநிலையில் எச்⁺ எக்ஸ், ஏ⁻ எக்ஸ், எச்ஏ 0.83 − எக்ஸ். எக்ஸ் மிகச் சிறியது என்றால் கழிப்பதை விட்டுவிடலாம், கணக்கு எளிதாகிறது: எக்ஸ் = √(கேஏ × செறிவு) = √(1.8 × 10⁻⁵ × 0.83) = 3.9 × 10⁻³. பிஎச் = 2.41. பிரிந்த பங்கு 0.5 விழுக்காடுகூட இல்லை.

"மிகச் சிறியது" என்று எடுத்துக்கொண்டதைச் சரிபார்க்க வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எக்ஸ் தொடக்கச் செறிவில் 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் சரி. அதே அமிலம் 0.00100 மோலாராக இருந்தால் என்ன ஆகும்? வர்க்கமூலம் 1.34 × 10⁻⁴ தரும். அது 13 விழுக்காடு. இப்போது இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தே ஆக வேண்டும்; எக்ஸ் = 1.25 × 10⁻⁴, பிஎச் 3.90. குறுக்கு வழியில் 3.87 வந்திருக்கும். வித்தியாசம் சிறிதுதான். ஆனால் நீர்க்க நீர்க்க அமிலம் கூடுதலான பங்கு பிரிகிறது என்ற கருத்து இதில் தெளிவாகத் தெரிகிறது. தேர்வாளர்கள் விளக்கக் கேள்வியாகக் கேட்பதும் அதைத்தான்.

வலிமையையும் செறிவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வலிமை என்பது எவ்வளவு பங்கு பிரிகிறது என்பது, அது அமிலத்தின் குணம். செறிவு என்பது நீங்கள் எவ்வளவு கரைத்தீர்கள் என்பது. 0.0001 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் 4. வினிகரின் பிஎச் 2.4. வலிமை குறைந்த அமிலம்தான் இங்கே கூடுதலாகப் புளிக்கிறது.

அம்மோனியா போன்ற வலிமை குறைந்த காரத்துக்கும் இதே நடைமுறைதான், எச்⁺ இருந்த இடத்தில் ஓஎச்⁻. காரத்தின் பிரிகை மாறிலி கேபி = 1.8 × 10⁻⁵, செறிவு 0.10 என்றால் [ஓஎச்⁻] = 1.34 × 10⁻³, பிஓஎச் 2.87, பிஎச் 11.13. வர்க்கமூலம் எடுத்ததும் கிடைப்பது பிஓஎச் என்பதை மறந்து, அதையே பிஎச் என்று எழுதிவிட வேண்டாம். அம்மோனியாவுக்கு 2.87 வந்தால் விடையே சிரிக்கும்.

உப்பு எல்லாமே நடுநிலை இல்லை

1923-இல் டென்மார்க்கில் பிரான்ஸ்டெட்டும் இங்கிலாந்தில் லவ்ரியும் தனித்தனியாக ஒரே கருத்துக்கு வந்தார்கள்: எச்⁺-ஐக் கொடுப்பது அமிலம், வாங்கிக்கொள்வது காரம். இந்தப் பார்வையில், அமிலம் எச்⁺-ஐக் கொடுத்த பிறகு மிஞ்சும் அயனி அதைத் திரும்ப வாங்கக்கூடிய ஒரு காரம். அதற்கு இணை காரம் என்று பெயர். அமிலம் எவ்வளவுக்கு வலிமை குறைந்ததோ, அதன் இணை காரம் அவ்வளவுக்கு வலிமை கூடியது. கேஏ × கேபி = 1.0 × 10⁻¹⁴.

0.10 மோலார் சோடியம் எத்தனோவேட்டில் கேபி = 10⁻¹⁴ ÷ 1.8 × 10⁻⁵ = 5.6 × 10⁻¹⁰. வர்க்கமூலம் 7.5 × 10⁻⁶, அது [ஓஎச்⁻]. பிஎச் 8.87. அம்மோனியம் குளோரைடு இதற்கு நேர் எதிர், 0.10 மோலாரில் 5.13.

சமையல் சோடா கொஞ்சம் விசித்திரமானது. பைகார்பனேட் அயனி எச்⁺-ஐக் கொடுக்கவும் செய்யும், வாங்கவும் செய்யும். இப்படிப்பட்டவற்றின் பிஎச், இரண்டு பக்கத்துப் பிகேஏக்களின் (பிகேஏ = −லாக் கேஏ) சராசரி: (6.35 + 10.33) ÷ 2 = 8.34. செறிவு இந்தச் சூத்திரத்தில் வரவே இல்லை. ஒரு தேக்கரண்டி போட்டாலும் இரண்டு போட்டாலும் கிட்டத்தட்ட அதே 8.3-தான். பிஎச்சுக்குச் சராசரி எடுக்காதே என்று மேலே சொன்னேன். இங்கே எடுப்பது பிகேஏக்களின் சராசரி, அதற்குச் சமன்பாட்டில் காரணம் இருக்கிறது.

பஃபர்: இங்கே நேரம் செலவழிக்கலாம்

வலிமை குறைந்த அமிலமும் அதன் இணை காரமும் கணிசமான அளவில் சேர்ந்திருந்தால் அது பஃபர். வெளியிலிருந்து எச்⁺ வந்தால் இணை காரம் பிடித்துக்கொள்ளும், ஓஎச்⁻ வந்தால் அமிலம் பிடித்துக்கொள்ளும். கேஏ சமன்பாட்டுக்கு லாக் போட்டால் கிடைப்பது ஹெண்டர்சன்-ஹாசல்பாக் சமன்பாடு:

பிஎச் = பிகேஏ + லாக் ([ஏ⁻] ÷ [எச்ஏ])

இதில் கவனிக்க வேண்டியது விகிதம். இரண்டும் ஒரே குடுவையில் இருப்பதால் கன அளவு அடிபட்டுப்போகும். மோல் எண்ணிக்கையையே நேரடியாகப் போடலாம். ஒரு லிட்டரில் எத்தனாயிக் அமிலம் 0.20 மோல், எத்தனோவேட் 0.10 மோல் என்றால் பிஎச் = 4.74 + லாக் 0.50 = 4.44. இதில் 0.010 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால்? வலிமையான அமிலம் இணை காரத்தோடு முழுக்க வினைபுரியும், ஆகவே முதலில் கழித்தல்: எத்தனோவேட் 0.09, அமிலம் 0.21. பிஎச் 4.38. அதே 0.010 மோலை ஒரு லிட்டர் தூய நீரில் விட்டிருந்தால் பிஎச் 7-இலிருந்து 2-க்கு விழுந்திருக்கும்.

இந்தச் சமன்பாட்டைத் தேர்வுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். இரத்தத்தில் பைகார்பனேட் லிட்டருக்கு 24 மில்லிமோல், கரைந்த கார்பன் டை ஆக்சைடு 1.2 மில்லிமோல், உடல் வெப்பத்தில் பிகேஏ 6.1. விகிதம் 20, லாக் 20 = 1.30, பிஎச் 7.40. மருத்துவமனையில் இரத்த வாயுச் சோதனை முடிவைப் படிப்பவர்களும் இந்தக் கணக்கைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள்.

கொண்டோ (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு) நீச்சல் குளத்துக்கு வாருங்கள். குளோரின் தண்ணீரில் ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. கிருமியை நன்றாகக் கொல்வது அந்த அமில வடிவம், அதன் அயனி அவ்வளவு திறமையானது இல்லை. பிகேஏ சுமார் 7.5. குளத்தின் பிஎச் 7.2 என்றால் அயனிக்கும் அமிலத்துக்குமான விகிதம் 10⁻⁰·³ = 0.5, அதாவது மூன்றில் இரண்டு பங்கு அமில வடிவில் இருக்கிறது. பிஎச் 7.8-க்கு ஏறினால் விகிதம் 2. அமில வடிவம் மூன்றில் ஒரு பங்குதான். போட்ட குளோரின் அதே அளவு, பயன் பாதி. குளத்தைப் பராமரிப்பவர் குளோரினோடு பிஎச்சையும் அளப்பது ஏன் என்பதற்கு இதுதான் விடை.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. 2003-இல் அறிமுகமான நியூவாட்டரில், பயன்படுத்திய நீர் நுண்வடிகட்டல், எதிர் சவ்வூடுபரவல், புறஊதாக் கதிர் ஆகியவற்றைத் தாண்டி வருகிறது. கடைசியில் காரப்பொருள் சேர்த்துப் பிஎச்சைச் சரிசெய்கிறார்கள். சுத்தமான தண்ணீருக்கு ஏன் காரம்? சவ்வு அயனிகளைத் தடுக்கும், மின்னூட்டம் இல்லாத கரைந்த கார்பன் டை ஆக்சைடு அதன் வழியே புகுந்துவிடும். சவ்வுக்கு முன்னால் பைகார்பனேட்டுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் விகிதம் 10 என்று வைத்துக்கொள்வோம்; பிஎச் = 6.35 + 1 = 7.35. பைகார்பனேட்டில் 95 விழுக்காட்டைச் சவ்வு நிறுத்திவிட்டால் விகிதம் 0.5, பிஎச் 6.05. இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, ஆனால் சவ்வைத் தாண்டிய நீர் ஏன் அமிலப் பக்கம் சாய்கிறது என்பது இந்த விகிதத்திலேயே இருக்கிறது.

டைட்ரேஷன்: எல்லா வகையும் ஒரே குடுவையில்

டைட்ரேஷன் என்றால், அமிலத்தில் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அளந்து சேர்த்து, எப்போது அமிலம் தீர்கிறது என்று பார்ப்பது. இப்போது முதல் கேள்விக்கு வருவோம். 0.100 மோலார் எத்தனாயிக் அமிலம் 25.0 மி.லி., பியூரெட்டில் (அளவு குறித்த நீண்ட கண்ணாடிக் குழாயில்) 0.100 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு.

காரம் சேர்க்கும் முன் குடுவையில் வலிமை குறைந்த அமிலம் மட்டும். வர்க்கமூலம்: பிஎச் 2.87.

10.0 மி.லி. சேர்த்ததும் அமிலத்தில் 1.00 மில்லிமோல் உப்பாகிவிட்டது, 1.50 மில்லிமோல் மிச்சம். இது பஃபர். பிஎச் = 4.74 + லாக் (1.00 ÷ 1.50) = 4.57. கேட்ட விடை இதுதான்.

12.5 மி.லி. சேர்த்ததும் இரண்டும் சமம், லாக் 1 = 0, பிஎச் = பிகேஏ = 4.74. வளைவைக் கொடுத்துக் கேஏ கேட்டால் இந்தப் பாதிப் புள்ளியைத் தேடுங்கள்.

25.0 மி.லி. என்பது சமானப் புள்ளி. அமிலமும் இல்லை, காரமும் இல்லை, 50.0 மி.லி. நீரில் எத்தனோவேட் மட்டும். செறிவு 0.0500 (மறுபடியும் மொத்தக் கன அளவு!). [ஓஎச்⁻] = √(5.6 × 10⁻¹⁰ × 0.0500) = 5.3 × 10⁻⁶, பிஎச் 8.72. சமானப் புள்ளி என்றால் 7 என்று எழுதுபவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

26.0 மி.லி. சேர்த்தால் வலிமையான காரம் மிச்சம். 0.100 மில்லிமோல், 51.0 மி.லி.யில், பிஎச் 11.29. எத்தனோவேட் பக்கத்தில் இருந்தாலும் அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

சமானப் புள்ளிக்கு அருகே என்ன நடக்கிறது என்று நெருங்கிப் பாருங்கள். 24.9 மி.லி.யில் பிஎச் 7.14. 25.1 மி.லி.யில் 10.30. இடையில் வெறும் 0.2 மி.லி., அதாவது பியூரெட் முனையிலிருந்து விழும் நாலைந்து சொட்டு. அதற்குள் மூன்று அலகு ஏறிவிடுகிறது. செய்முறைத் தேர்வில் கடைசிப் பகுதியைச் சொட்டுச் சொட்டாக விடச் சொல்வதும், இரண்டு அளவீடுகள் 0.10 மி.லி.க்குள் ஒத்துவர வேண்டும் என்பதும் இதனால்தான்.

நிறங்காட்டி எதைத் தேர்வது

நிறங்காட்டியின் நிறம் மாறும் எல்லை அந்தச் செங்குத்தான ஏற்றத்துக்குள் விழ வேண்டும், அவ்வளவுதான் விதி. ஃபீனால்ஃப்தலீன் 8.3-இலிருந்து 10.0 வரை, சரியாகப் பொருந்துகிறது. மெத்தில் ஆரஞ்சு 3.1-இலிருந்து 4.4 வரை. மேலே உள்ள பஃபர் சமன்பாட்டில் 4.4-ஐப் போட்டுப் பாருங்கள்: விகிதம் 0.46, அதாவது சுமார் 7.8 மி.லி. காரம் சேர்க்கும்போதே அது முழுக்க மஞ்சளாகிவிடும். மூன்றில் ஒரு பங்கு வேலைகூட முடியவில்லை! மெத்தில் ஆரஞ்சு பொருந்தாது என்று மட்டும் எழுதாமல் இந்த எண்ணைக் காட்டினால் விடை உறுதியாக நிற்கும். வலிமையான அமிலத்தோடு அம்மோனியாவை வைத்தால் நிலைமை தலைகீழ். அங்கே மெத்தில் ஆரஞ்சு பொருந்தும், ஃபீனால்ஃப்தலீன் தோற்கும்.

நம் வீட்டிலேயே இரண்டு நிறங்காட்டிகள் இருக்கின்றன. நாசி கெராபுவுக்கும் பெரனாக்கான் பலகாரங்களுக்கும் நீலம் ஏற்றும் சங்குப்பூ, அமிலத்தில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக மாறும், காரத்தில் பச்சைக்குப் போகும். பார்க்க அழகு, ஆனால் நிறம் மெல்ல மெல்ல மாறுவதால் டைட்ரேஷனுக்கு உதவாது.

மஞ்சள் வேறு கதை. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். மஞ்சளின் நிறம் சுமார் 7.4-க்கும் 8.6-க்கும் இடையில் மாறுகிறது. நம் வினிகர் டைட்ரேஷனில் 24.9 மி.லி.யில் 7.14, 25.0 மி.லி.யில் 8.72. மாற்றம் முழுவதும் அந்த 0.1 மி.லி.க்குள், இரண்டு சொட்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஆக, எத்தனாயிக் அமிலத்துக்கு மெத்தில் ஆரஞ்சைவிட நம் மஞ்சளே பல மடங்கு மேல். முயல்பவர்கள் மஞ்சள் தூளை ஆல்கஹாலில் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள், தண்ணீரில் அது சரியாகக் கரையாது. காரத்தில் அதன் நிறம் நேரம் போகப் போக வெளுக்கும் என்பதால் குடுவையை அப்படியே வைத்துவிட்டுப் போகாமல், சிவந்ததும் பியூரெட் அளவைக் குறித்துவிடுங்கள்.